கட்டடத்திற்கும் தணிக்கை வேண்டும்

நம் சங்கங்களில் ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை நடைபெறுகிறது. ரொக்கத்தை எண்ணுகிறோம், நூல் இருப்பை நிறுக்கிறோம், துணிக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்து இருப்புப் பதிவேட்டுடன் ஒப்பிடுகிறோம். ஐந்து ரூபாய் குறைந்தாலும் காரியதரிசியிடம் விளக்கம் கேட்கிறோம். ஆனால் அந்த நூலும் துணியும் எந்தக் கூரையின்கீழ் இருக்கின்றனவோ, நம் அங்கத்தினர்கள் எந்தக் கூரையின்கீழ் நாள் முழுதும் அமர்ந்து வேலை செய்கிறார்களோ, அந்தக் கட்டடத்தைக் குறித்து ஆய்வறிக்கையில் நாம் எழுதுவது ஒரே ஒரு வரி: "கட்டடம்: சொந்தம். நல்ல நிலையில் உள்ளது."

இந்த வரியை நானும் பலமுறை எழுதியிருக்கிறேன். அவ்வாறு எழுதிய கட்டடங்களுள் ஒன்றைப் பற்றியே இங்குக் கூறப்போகிறேன்.

சங்கத்தின் பெயர் வேண்டுவதில்லை. கைத்தறி நெசவாளர் சங்கம் அது. சொந்தத் தறிக்கூடம் உண்டு. அதன் ஒரு பக்கம் நூல் கிடங்கு, மறுபக்கம் தார் சுற்றும் கொட்டகை. 2022-ஆம் ஆண்டு ஆய்வுக்குச் சென்றிருந்தபோது ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வெள்ளை வெளேரென்று தெர்மோகோல் பலகைகளால் உட்கூரை அமைத்திருந்தார்கள். வெயில் தணிந்திருந்தது. கூடம் முழுதும் வெளிச்சமாகவும் இருந்தது. செலவுக்கு நிர்வாகக் கமிட்டியின் தீர்மானம் இருந்தது. மூன்று விலைப்புள்ளிகள் இருந்தன. வவுச்சர்கள் ஒழுங்காக இருந்தன. தொழிலாளர் நலனில் அக்கறையுள்ள சங்கம் என்று பாராட்டி இரண்டு வாக்கியம் சேர்த்து எழுதிவிட்டு, வழக்கமான அந்த ஒரு வரியையும் எழுதிவிட்டு வந்தேன். நான் வணிகவியல் கற்றவன், பொறியியல் அறியேன். வவுச்சர் சரியாக இருந்தால் பொருளும் சரியாக இருக்கும் என்று எண்ணுவது எங்கள் தொழிலில் எளிதில் படியும் ஒரு பழக்கம்.

அடுத்த ஆண்டு பங்குனியில் ஒரு மாலைவேளை. தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவருக்கு ஏதோ கருகும் நாற்றம் வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது, குழல் விளக்கின் சோக்குக்கு மேலே உட்கூரை குழைந்து தொய்ந்துகொண்டிருந்தது. உருகிய துளிகள் சில, புகைந்துகொண்டே தரையில் விழுந்தன. சிட்டநூல் கூடை அங்கிருந்து ஒரு முழத் தொலைவுதான். அந்த அம்மாள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடவில்லை; நேரே சென்று மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். அவ்வளவில் முடிந்தது. சேதம் என்று கணக்கில் எழுத ஒன்றுமில்லை.

நான் சென்றபோது உட்கூரையில் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு துவாரம் அப்படியே இருந்தது. ஏணியின்மேல் ஏறி அதன் வழியாக முதன்முறையாக மேலே எட்டிப் பார்த்தேன். ஓராண்டுக்கு முன்பு நான் "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதியது எதைப் பற்றி என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பழைய ஒயர்கள் குழாயின்றித் தெர்மோகோலின்மேல் படுத்துக் கிடந்தன. இணைப்புகளில் நாடா சுற்றியிருந்தது. சில இடங்களில் அதுவும் பிரிந்திருந்தது. நெசவுக்கூடங்களில் காற்றில் பறக்கும் பஞ்சுத் துகள் விரற்கடை கனத்திற்குப் படிந்திருந்தது. எலிப் புழுக்கையும் குருவிக்கூடும் இருந்தன. கீழே பியூஸ் கட்டையைக் கழற்றிப் பார்த்தால், பியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் செம்புக்கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டிருந்தார்கள். அடிக்கடி பியூஸ் போகிறது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பியூஸ் ஏன் அடிக்கடி போயிற்று என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தெர்மோகோலைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அது நுரைத்த பாலிஸ்டிரீன்; உள்ளே பெரும்பகுதி காற்று. அதனால்தான் வெப்பத்தைத் தடுக்கிறது. ஆனால் கொதிநீரின் சூட்டை எட்டுமுன்பே இளகத் தொடங்கும், தீப்பிடித்தால் எரியும் துளிகளாகச் சொட்டும், கரும்புகையைக் கக்கும். இவ்வளவு பலரும் அறிந்தது. நான் அறியாதிருந்தவை வேறு இரண்டு. ஒயரின்மேல் இருக்கும் பி.வி.சி. உறை பாலிஸ்டிரீனைத் தொட்டுக்கொண்டே நெடுநாள் கிடந்தால், அந்த உறையை மெத்தென்று வைத்திருக்கும் பொருள் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறி, உறை விறைத்து வெடித்துவிடும். அன்றியும், மின்சாரம் ஓடும்போது ஒயரில் தோன்றும் சூடு சுற்றியுள்ள காற்றில் கலந்து தணிய வேண்டும். வெப்பத்தடுப்புப் பொருளால் நான்கு புறமும் மூடப்பட்ட ஒயர், திறந்த வெளியில் தாங்கும் சுமையில் ஏறத்தாழ பாதியையே தாங்கும். கூரையின் சூட்டைக் கீழே விடாமல் தடுக்கும் அதே பலகை, ஒயரின் சூட்டையும் போகவொட்டாமல் பிடித்து வைக்கிறது. பொருள் தன் வேலையைச் செவ்வனே செய்துகொண்டுதான் இருக்கிறது!

உடனே அந்த உட்கூரையை அகற்றிவிட வேண்டும் என்று தலைவரிடம் கூறினேன். அவர் அறுபது வயது கடந்த நெசவாளர். இன்றும் தறியில் அமர்பவர். "ஐயா, நீங்கள் வந்து அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போகிறவர். சித்திரை மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு இந்தத் தகட்டின்கீழ் உட்கார்ந்து நாடா போட்டுப் பாருங்கள். ஆளும் வாடுவான், பாவும் அறுந்துபோகும். அப்புறம் எடுக்கச் சொல்லுங்கள்" என்றார்.

அவர் கூறியதில் தவறில்லை. காற்று வறண்டால் பாவிழை முறுகி அறும்; குழித்தறியில் மண்ணின் ஈரம் இழைக்குத் துணையாயிருப்பதை நெசவாளர்கள் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நண்பகலில் கூடத்தை விட்டு எழுந்து போகும் நெசவாளிக்கு அந்நேரத்துக் கூலி போகிறது. ஆகவே வெப்பத்தைத் தணிப்பது சௌகரியம் பற்றிய காரியமன்று. அங்கத்தினரின் வருமானத்தைப் பற்றிய காரியம். என் கவலை தீயைப் பற்றியது; அவர் கவலை வெயிலைப் பற்றியது. இருவரும் ஒரே கூரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்தக் கூரையின் வரலாற்றை அவரே பிறகு கூறினார். முன்பு அங்கே தென்னங்கீற்றுக் கொட்டகை இருந்ததாம். கீற்றின் குளுமைக்கு ஈடில்லை என்பதை நாம் அறிவோம். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் மாண்டார்கள். அச்செய்தி கேட்ட எந்த ஊரிலும் கீற்றுக் கொட்டகையைப் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை. இச்சங்கத்தாரும் கடன் வாங்கிக் கீற்றைப் பிரித்து ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்டார்கள். தகடு தீப்பிடிக்காது, ஆனால் வெயிலை அப்படியே கீழே இறக்கும். பதினைந்து கோடை பொறுத்துப் பார்த்தார்கள். பொறுக்க முடியாமல் தெர்மோகோல் அடித்தார்கள். தீக்கு அஞ்சிக் கீற்றை நீக்கினார்கள். வெயிலுக்கு அஞ்சித் தீயை மறுபடியும் கூரைக்குள் கொண்டு வந்து வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் தீர்மானம் நியாயமானதுதான். ஒவ்வொரு முறையும் பாதிக் கூரையை மட்டுமே ஆராய்ந்து நிறைவேற்றிய தீர்மானம்.

இஃது ஏதோ கிராமத்துச் சங்கத்தின் அறியாமை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். கட்டடச் சோதனைகளுக்குச் சட்டத்தின்மேல் சட்டம் இயற்றிய இங்கிலாந்திலும் இதுவே நேர்ந்திருக்கிறது. அங்கே வீட்டை வாடகைக்கு விடும் உரிமையாளர் பல சோதனைகளுக்கு உட்படுகிறார். ஒன்று, வீடு எவ்வளவு எரிபொருளை விழுங்குகிறது என்று மதிப்பிட்டு 'ஏ' முதல் 'ஜி' வரை ஏழு தரங்களுள் ஒன்றை இடும் எரிசக்திச் சான்றிதழ். அது பத்தாண்டு செல்லும். 2018 ஏப்ரலிலிருந்து புதிய வாடகைக்கும், 2020 ஏப்ரலிலிருந்து பழைய வாடகைக்கும், விலக்குப் பெற்றவை தவிர மற்ற வீடுகள் 'ஈ' தரத்திற்குக் கீழே இருக்கலாகாது என்று விதித்தார்கள். எரிவாயு அடுப்பையும் கொதிகலனையும் பதிவு பெற்ற வல்லுநர் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். மின்கம்பியமைப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் சோதிக்க வேண்டுமென்பது 2020-இல் வந்தது. இவையன்றி, பல குடும்பங்கள் வாழும் மாடிக் கட்டடங்களின் பொது இடங்களுக்குத் தீ அபாய மதிப்பீடு உண்டு. அதற்குரிய ஆணை 2005-ஆம் ஆண்டினது.

இத்தனையும் இருந்த நாட்டில், லண்டன் மாநகரின் வட கென்சிங்டன் பகுதியில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் கட்டடம் இருந்தது. உள்ளாட்சி மன்றத்துக்குச் சொந்தமானது. குடியிருப்போர் நிர்வாக அமைப்பு ஒன்றின் பொறுப்பில் இருந்தது. 1970-களில் கட்டிய கான்கிரீட் கட்டடம். குளிரைத் தடுக்கவும் தோற்றத்தைச் சீர்படுத்தவும் அதன் வெளிச்சுவர்மேல் நுரைப்பலகை பொருத்தி, அதன்மேல் அலுமினியத் தகடுகளை மாட்டினார்கள். இரண்டு மெல்லிய அலுமினியத் தாள்களுக்கிடையே பாலிஎத்திலீன் வைத்து ஒட்டிய தகடுகள் அவை. அப்பணி 2016-இல் முடிந்தது. 2017 ஜூன் 14-ஆம் நாள் விடியுமுன் நான்காம் மாடியில் ஒரு வீட்டுக் குளிர்பெட்டியின் அருகே தோன்றிய தீ, சன்னல் வழியாக வெளிச்சுவரைப் பற்றி உச்சி வரை ஏறியது. 72 பேர் இறந்தனர்.

அந்தக் கட்டடத்துக்கும் தீ அபாய மதிப்பீடு எழுதப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் மதிப்பீடு செய்தவர் படிக்கட்டையும் கதவையும் நடைபாதையையும் பார்த்தார். வெளிச்சுவரின்மேல் மாட்டியதை ஆராயவில்லை. அப்போதிருந்த ஆணை வெளிச்சுவரையும் பார் என்று தெளிவாகக் கூறவுமில்லை. வெளிச்சுவரும் தீ மதிப்பீட்டில் அடங்கும் என்று 2021-ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்புச் சட்டம் தெளிவுபடுத்தியது; 2022-இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2024 செப்டம்பரில் வெளியான விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை, அந்த மரணங்கள் அனைத்தும் தவிர்த்திருக்கக் கூடியவை என்று கூறிற்று. குளிரைத் தடுக்கும் பொருளை விற்றவர்கள் அதன் தீக்குணத்தை மறைத்ததையும், அரசாங்கமும் அதிகாரிகளும் எச்சரிக்கைகளைப் புறக்கணித்ததையும் அவ்வறிக்கை விரித்துரைக்கிறது. சுவரின் வெப்பத்தைக் கணக்கிட்டவரும் கட்டடத்தின் தீயைக் கணக்கிட்டவரும் ஒரே கட்டடத்தைச் சுற்றி வந்தார்கள். சுவர் இருவருக்கும் நடுவே விழுந்துவிட்டது.

விவசாய அங்கத்தினர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். காய்கறிக்கும் பழத்திற்கும் உருளைக்கிழங்குக்கும் இன்று குளிர்பதனக் கிடங்கு கட்ட விரும்பாத விற்பனைச் சங்கம் இல்லை. அக்கிடங்கின் சுவர் எதனாலானது? இருபுறமும் எஃகுத் தகடு. நடுவே பாலியூரித்தேன் நுரை. தகட்டைத் தட்டிப் பார்த்தால் இரும்பு போலத்தான் கேட்கும். ஆனால் வெல்டிங் பொறியோ, சுவரைத் துளைத்துச் செல்லும் ஒயரின் சூடோ உள்ளேயிருக்கும் நுரையை எட்டிவிட்டால், தகட்டுக்குள்ளே எரியும் தீயை வெளியிலிருந்து அடிக்கும் நீர் தொடாது. தென் கொரியாவில் இச்சன் என்ற ஊரில் 2008 ஜனவரியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் 40 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதே ஊரில் 2020 ஏப்ரலில், கட்டிக்கொண்டிருந்த வேறொரு கிடங்கில் 38 பேர் இறந்தார்கள். நுரை பூசும் இடத்தில் நெருப்பு வேலையும் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் ஊர் இருமுறை சாட்சி சொல்ல நேர்ந்தது. ஆகவே குளிர்பதன அறைக்கு ஒப்பந்தம் எழுதும் விற்பனைச் சங்கங்கள், டன் கணக்கையும் குதிரைத்திறனையும் கேட்பதோடு நில்லாமல், பலகையின் நடுவிலிருப்பது என்ன, அதன் தீச்சோதனைச் சான்று எங்கே, ஒயர் எவ்வழியாகச் செல்கிறது, உள்ளே அகப்பட்டவர் கதவை உள்ளிருந்து திறக்க முடியுமா என்று கேட்க வேண்டும். இந்த நான்கும் விலைப்புள்ளியில் இரா, கேட்டால்தான் வரும்.

நம் நாட்டுச் சட்டம் என்ன கூறுகிறது என்பதையும் சுருக்கமாகப் பார்ப்போம். 2001-இல் எரிசக்திச் சிக்கனச் சட்டம் வந்தது. 2002 மார்ச்சில் அதற்கென எரிசக்திச் செயல்திறன் அலுவலகம் ஏற்பட்டது. குளிர்சாதனப் பெட்டிகளில் நாம் காணும் நட்சத்திரச் சீட்டு அவ்வலுவலகத்தினுடையது. கட்டடங்களுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு 2007-இல் வெளிவந்து 2017-இல் திருத்தப்பெற்றது. ஆனால் அது 100 கிலோவாட் இணைப்புப் பளு அல்லது 120 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவை கொண்ட பெரிய வணிகக் கட்டடங்களை நோக்கி எழுதப்பட்டது. நம் தறிக்கூடம் அதன் கண்ணில் படாது. தீயைப் பொறுத்தவரை, தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி இருக்கிறது. மின் பாதுகாப்புக்கு மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. அரசு அறிவிக்கும் மின்னழுத்த அளவுக்குட்பட்ட இணைப்புகளை உரிமையாளரே சோதிப்பித்துத் தற்சான்று அளிக்கலாம் என்பது அவ்வொழுங்குமுறையில் கண்டது. உரிமையாளர் என்றால் யார்? தனியார் கட்டடமாயின் ஒரு முதலாளி. நமக்கோ, பங்குத் தொகை செலுத்திய ஒவ்வோர் அங்கத்தினரும் உரிமையாளர்தான். தற்சான்றில் கையெழுத்திடுபவர் தலைவர். அதன்கீழ் அமர்ந்திருப்பவர்கள் மற்றவர்கள்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. தீ இன்ஷூரன்ஸ் பத்திரத்தின் நிபந்தனைகளை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். அபாயத்தைக் கூட்டும் விதத்தில் கட்டடத்திலோ உபயோகத்திலோ மாறுதல் செய்தால், கம்பெனியின் சம்மதம் பெற்றிராவிடில் பாதுகாப்பு அற்றுப்போகும் என்று அதில் எழுதியிருக்கும். அச்சங்கத்தார் உட்கூரை அமைத்ததைக் கம்பெனிக்குத் தெரிவிக்கவில்லை. பிரீமியம் தவறாமல் செலுத்தியிருந்தார்கள். ரசீதும் கோப்பில் இருந்தது. அன்று மாலை நூற்கூடை பற்றியிருந்தால் அந்த ரசீதுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து நடந்ததைக் கூறுகிறேன். உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் ஒருவரை அழைத்துச் சென்றோம். அவர் மெகர் என்னும் கருவியால் 500 வோல்ட் அழுத்தம் கொடுத்து, ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே எவ்வளவு தடை இருக்கிறது என்று அளந்தார். குறைந்தது ஒரு மெகோம் இருக்க வேண்டும். ஐந்து சுற்றுகளில் மூன்று தேறின. நூல் கிடங்கின் சுற்றும் தார்க் கொட்டகையின் சுற்றும் தேறவில்லை. எர்த் குழியைத் தேடினோம். கரியும் உப்பும் இட்டுப் புதைத்த குழாய், கொல்லைப்புறத்தில் விறகுக் கட்டுகளின்கீழ் இருந்தது. எத்தனை கோடையாக அதற்கு ஒரு குடம் நீர் ஊற்றப்படவில்லையோ! குழித்தறியில் நெசவாளியின் கால் ஈர மண்ணில் இருக்கிறது. அருகே ஜக்கார்டுக்கு மோட்டார் வைத்திருக்கிறார்கள். நல்ல எர்த்தும், 30 மில்லியாம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் காப்புக் கருவியும் இல்லாமல் அந்த இடத்தில் மோட்டாரை ஓட்டுவது எப்படிப்பட்ட துணிச்சல் என்பது அவர் விளக்கிய பிறகே கமிட்டியாருக்கு விளங்கிற்று. காப்புக் கருவியில் 'சோதனை' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கும் பொறுப்பை, மெயின் சுவிட்சை இறக்கிய அந்த அம்மாளிடமே கமிட்டியார் ஒப்படைத்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

உட்கூரையை அகற்றினார்கள். ஒயர்கள் அனைத்தும் குழாய்க்குள் சென்றன. பியூஸ் கட்டைகளுக்குப் பதில் எம்.சி.பி. வந்தது. சோக்கு விளக்குகள் 24 இருந்தன; சோக்கையும் சேர்த்து ஒவ்வொன்றும் 50 வாட்டுக்குக் குறையாமல் எடுத்தது. அவற்றை 20 வாட் எல்.இ.டி. குழல்களாக மாற்றியதில் மொத்தம் 720 வாட் குறைந்தது. நாள் ஒன்றுக்குப் பத்து மணி, மாதம் இருபத்தைந்து நாள் என்று கணக்கிட்டால் 180 யூனிட். இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், கட்டணத்தில் மிச்சமான அந்த மின்சாரம்தான் சோக்கில் சூடாகி உட்கூரையை உருக்கிய மின்சாரம். செலவைக் குறைத்ததும் அபாயத்தைக் குறைத்ததும் வேறு வேறு வேலைகளாக இல்லை. மின்கட்டணச் சீட்டை ஓராண்டுக்கு வரிசையாக எழுதி வைத்து, யூனிட் காரணமின்றி ஏறும் மாதத்தை விசாரிக்கும் சங்கம், கசிவையும் அதிலேயே கண்டுபிடித்துவிடும். வீட்டில் நெய்யும் அங்கத்தினர்களுக்கு இலவச யூனிட் கிடைப்பதால் பலர் சீட்டைப் பார்ப்பதே இல்லை. அது விலையில்லாத மின்சாரம்தான், சூடில்லாத மின்சாரமன்று.

மிஞ்சியது வெயில். மழைக்காலம் முடிந்ததும் தகடுகளின் மேற்புறத்தை நனைத்துக் கழுவி, பசை கலந்த வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடித்தார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உலர்வாகச் சுரண்டவோ அறுக்கவோ தேய்க்கவோ கூடாது, அதன் நுண்ணிழை நுரையீரலுக்குக் கேடு. முகட்டில் சூடான காற்று வெளியேறத் திறப்பு வைத்தார்கள். மேற்குச் சுவரோரம் இரண்டு வேப்பங்கன்றுகள் நட்டிருக்கிறார்கள். அவை நிழல் தரும்போது இந்தக் கமிட்டி பதவியில் இராது. கூரைக்கு மேலே கீற்றுப் பந்தல் போடலாம் என்று ஒருவர் யோசனை கூறினார். தலைவரே அதை மறுத்துவிட்டார்.

அடுத்த சித்திரையில் நண்பகலுக்குச் சென்று, தலைவர் சொன்னபடி இரண்டு மணி நேரம் கூடத்திலேயே அமர்ந்திருந்தேன். சட்டை நனைந்துவிட்டது. தார் சுற்றும் அம்மாளைக் கேட்டேன். "பழைய குளுமை இல்லைங்க. ஆனாலும் உட்கார முடியுது" என்றார். தெர்மோகோல் இருந்த அளவுக்குச் சுண்ணாம்பு தணிக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தீப்பிடிக்காத வெப்பத்தடுப்பு உண்டு. பாறையை உருக்கி இழையாக்கிச் செய்யும் கல்பஞ்சுப் பலகை அது. அதன் விலையோ தெர்மோகோலைப் போல் பல மடங்கு. அதற்கான மதிப்பீடு தயாராகிப் பொதுப்பேரவைக்கு வந்தது. அந்த ஆண்டு டிவிடெண்டில் பாதியை அதற்கு ஒதுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் பேரவை இரண்டாகப் பிரிந்தது. வீட்டுத்தறி வைத்திருப்பவர்கள், கூடத்தில் அமராத நாங்கள் ஏன் டிவிடெண்டை இழக்க வேண்டும் என்று கேட்டார்கள். கூடத்தில் அமர்பவர்கள், உங்கள் நூலும் இந்தக் கிடங்கில்தானே இருக்கிறது என்றார்கள். இரு கட்சியும் நியாயம் பேசியதால் தீர்மானம் அன்று ஒத்திவைக்கப்பட்டது. இப்போதைக்கு நூல் கிடங்குக்கும் தார்க் கொட்டகைக்கும் மட்டும் கல்பஞ்சு போடுவது, கூடத்திற்கு அடுத்த ஆண்டு பார்ப்பது என்று ஒரு சமரசம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

என் ஆய்வறிக்கைப் படிவத்தில் அந்த ஒரு வரி இன்னும் இருக்கிறது. படிவத்தை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. அதன்கீழ் நான் ஒரு தாளை இணைத்துவிடுகிறேன். கூரை என்ன பொருள், அதற்கு அடியில் என்ன பொருள், இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் எந்த ஏணியில் ஏறி யார் பார்த்தது என்று அதில் எழுதுகிறேன். மெகர் அளவும், எர்த் குழிக்கு நீர் ஊற்றிய நாளும், சென்ற ஆய்வுக்குப் பிறகு கட்டடத்தில் செய்த மாறுதலும், அதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்த கடிதத்தின் எண்ணும் அதில் இருக்கும். அச்சங்கத்தில் அடுத்த மெகர் சோதனை தை மாதம். சுண்ணாம்பையும் அப்போதே மறுபூச்சு பூசிவிட வேண்டும்; மாசி பிறந்தால் தகடு கால் வைக்கவொட்டாமல் காய்ந்துவிடும் என்று தலைவர் எழுதியிருக்கிறார்.